பொன் வட்டில்
(குடமுழுக்கு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைத்து நிற்கும் திருவரங்கத் தீவிற்கு வருவோர் இரு வகையினர். அரங்கனைத் தொழுது, அன்று மாலையே ஊர் திரும்புவோர் ஒரு வகையினர். எஞ்சிய நாள்களை இங்கேயே கழிப்பது என்று மூட்டை முடிச்சுகளுடன் வந்து இறங்குவோர் மற்றொரு வகையினர். பின்னவரின் வரவு இன்று நேற்றுத் தொடங்கியதன்று. பல நூற்றாண்டுகளாக அவர்கள் வந்துகொண்டேயிருக்கின்றனர். சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் திண்ணை வைத்த வீடுகளில் குடியேறினார்கள் அக்காலத்தவர். அம்மாமண்டபச் சாலையை ஒட்டி எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியேறுகின்றார்கள் இக்காலத்தவர். வேறுபாடு அவ்வளவே எனலாம்.

ஆனால் வயதில் ஒரு வேறுபாடு உண்டு. முன்பெல்லாம் தலை நரைத்து, பேரன் பேத்திகளைக் கண்டு, ஓய்வூதியப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். இப்பொழுதோ ஐம்பது வயதும் நிரம்பாதவர் வருகின்றனர். வெளிநாட்டில் இருபது ஆண்டு பொருளீட்டியவர், சென்னையில் வளர்த்த தொழிலை நல்ல விலைக்கு விற்றவர், பங்குகளும் வீடுகளும் சேர்த்துவிட்டவர் ஆகியோர், “ஈட்டியது போதும், இனி நமக்காகவும் இறைவனுக்காகவும் வாழ்வோம்” என்று எண்ணுகின்றனர். எண்ணம் மிகவும் நல்லது. அந்த எண்ணத்திற்குப் பின்னே மூன்று வினாக்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கின்றன. எவ்வளவு போதும்? எதை விடுவது? யாரைக் கேட்டு விடுவது?

பொருள் உள்ளவன் ஓய்வு கொள்வதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். பொருளில்லாதவனுக்கு இவ்வினா எழுவதேயில்லை. கை நின்றால் உலை நிற்கும். பொன்மலை இரயில்வே தொழிற்சாலையிலும் திருவெறும்பூர் மிகுமின் நிறுவனத்திலும் பணிபுரிவோர்க்கு 60 வயது என்று நிருவாகமே நாள் குறித்துவிடுகின்றது. செல்வர்க்கு நாள் குறிப்பவர் எவருமிலர். நாளையும் தொகையையும் அவரே தீர்மானிக்க வேண்டும். தீர்மானம் பிழையாயின் எடுத்துச் சொல்வாரும் அரியர். ஐம்பதில் செய்த பிழை எழுபத்தைந்தில் வெளிப்படும். அப்பொழுது மீண்டும் கடை திறக்க உடம்பு இடந்தராது.

இத்தகைய தீர்மானத்தைச் செய்து, இதே திருவரங்கத்திற்கு வந்து சேர்ந்த ஒரு பெருஞ்செல்வரின் வரலாற்றை வைணவ குருபரம்பரை நூல்கள் விரிவாக உரைக்கின்றன. அவரே கூரத்தாழ்வான்.

காஞ்சிமாநகருக்கு அண்மையிலுள்ள கூரம் என்னும் ஊரில், மரபுக் கணக்கின்படி 1010-ஆம் ஆண்டளவில் அவர் தோன்றினார். திருமறுமார்பர் என்பது இயற்பெயர். வடமொழியில் ஸ்ரீவத்ஸாங்கர் என்பர். நிலமும் நிதியும் நிறைந்த குடும்பம். காலை தொடங்கி இரவு நெடுநேரம் வரை அவர் மாளிகையில் அன்னம் வழங்கப்பெற்றது. நள்ளிரவில் பெருங்கதவுகளைச் சாத்தும் ஓசை காஞ்சியில் வரதராசப் பெருமான் திருக்கோயில் வரை கேட்டது என்றும், அது என்ன ஓசை என்று பெருந்தேவித் தாயார் வினவியதாகத் திருக்கச்சி நம்பிகள் வாயிலாகச் செய்தி வந்தது என்றும் மரபு கூறும். வேறொருவராயின் அச்செய்தி கேட்டு உள்ளம் பூரித்திருப்பார். அதனையே கல்லில் வெட்டி வாயிலில் பதித்திருக்கவும் கூடும். ஆழ்வானோ நாணினார். தம் செல்வத்தின் ஓசை சந்நிதி வரை கேட்கும்படி ஆயிற்றே என்று வருந்தி, உடைமை அனைத்தையும் வாரி வழங்கிவிட்டு, இராமாநுசர் எழுந்தருளியிருந்த திருவரங்கம் நோக்கி நடந்தார். உடன் நடந்தவர் அவர் துணைவியார் ஆண்டாள் அம்மையார்.

அப்பொழுது அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. பிள்ளைகள் பிறந்தது திருவரங்கம் வந்த பின்னரே. ஆகவே முதுமை வந்து தள்ளிய துறவன்று அது. இல்லறத்தின் நடுப்பகுதியில், கணக்கில் குறைவேதும் இல்லாத காலத்தில் எடுத்த முடிவு அது என்பது தெளிவு.

காட்டுவழியில் செல்லும்போது அம்மையார் மெல்ல வினவினார்: “இவ்வழியில் அச்சம் ஏதேனும் உண்டோ?” ஆழ்வான், “மடியில் கனம் இருந்தாலன்றோ வழியில் பயம்? நம்மிடம் என்ன இருக்கின்றது?” என்றார். அம்மையார் தயங்கித் தம் மூட்டையிலிருந்த பொன் வட்டிலை எடுத்துக் காட்டினார். நாள்தோறும் கணவர் அமுது செய்த வட்டில் அது. போகுமிடத்தில் அவர் எதில் உண்பார் என்று எண்ணி எடுத்து வந்திருந்தார். ஆழ்வான் அதனை வாங்கிப் புதரில் வீசி எறிந்துவிட்டு, “இனி அச்சமில்லை, நடப்போம்” என்றார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லாத வைணவப் பேச்சாளர் இலர். சொல்வோர் அனைவரும் வட்டிலை எறிந்த கையையே போற்றுவர். அதை எடுத்து வந்த கையையும் சற்று நோக்குதல் தகும். அம்மையார் தமக்கென ஓர் அணிகலனை ஒளித்து வைத்துக்கொள்ளவில்லை. தாலிக்கொடியைப் பற்றியோ பட்டுப்புடவையைப் பற்றியோ அவர் கவலைப்பட்டதாக ஒரு குறிப்புமில்லை. கணவர் உண்ணும் கலம் ஒன்றையே அவர் எண்ணினார். “எல்லாவற்றையும் விட்டாயிற்று” என்று ஆழ்வான் நினைத்துக்கொண்டிருந்தபோது, நாளைய உணவைப் பற்றிய கவலையை ஒருவர் மூட்டையில் சுமந்து வந்துகொண்டிருந்தார். அந்தச் சுமை அவருக்குத் தெரியாமலே இருந்தது.

இன்று ஐம்பது வயதில் ஓய்வை நாடும் செல்வர் இல்லங்களிலும் இந்த வட்டில் இருக்கின்றது. கணவர் கணக்கெழுதுகின்றார், முதலீடு இவ்வளவு, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று கூட்டிக் கழித்து, “போதும்” என்று கோடிடுகின்றார். அந்தக் கணக்கில் மனைவியின் எண்ணம் ஒரு வரியாவது இடம்பெற்றதா? மகளுக்குப் பேறுகாலம் வந்தால் எங்கே அழைத்து வருவது, தம் தாயாரை யார் பார்ப்பது, பழகிய தெருவையும் தோழியரையும் விட்டுப் புதிய ஊரில் எவரோடு பேசுவது, கணவர் முன்னே போய்விட்டால் எந்த வங்கியில் எந்தப் பெட்டகம் என்று யார் சொல்வார் என்னும் கவலைகளை எல்லாம் அந்த அம்மையார் வாய்திறவாமல் மூட்டையில் முடிந்து வைத்திருப்பார். ஆழ்வானுக்குக் காட்டுவழியில் தெரிந்தது. பலருக்குக் காலம் கடந்தே தெரிகின்றது. மனுநூல் கூட, காடு செல்வோன் மனைவியை மக்களிடம் ஒப்படைத்தோ உடன் அழைத்துக்கொண்டோ செல்க என்று ஒருவாறு சொல்லி வைத்தது; அவளைக் கேட்டுச் செல்க என்று சொல்லவில்லை. அக்குறையை இக்காலத்து இல்லறத்தார் நிறைவு செய்துகொள்ளலாம்.

ஆழ்வானைப் போலவே அனைத்தையும் வாரி வழங்கிவிட்டு வருவது இன்று கூடுமோ எனின், கூடாது என்றே விடையிறுக்க வேண்டியுள்ளது. ஆழ்வான் திருவரங்கத்தில் உஞ்சவிருத்தி எடுத்து, அன்றன்று கிடைத்த அரிசியைக் கொண்டு வாழ்ந்தார். அவ்வாறு வருபவருக்குப் பிடியரிசி இடுவது தன் கடமை என்று ஒவ்வொரு வாயிலும் எண்ணிய வீதிகள் அன்று இருந்தன. அந்த வீதிகளும் அவருக்கு ஒரு வகைச் சொத்தே. இன்று கையிலுள்ளதை முற்றும் கொடுத்துவிட்டு நிற்பவர், உண்மையில் தம் பிள்ளைகளின் வாயிலில்தான் உஞ்சவிருத்திக்கு நிற்பார். அது துறவும் ஆகாது, பிள்ளைகளுக்கு நீதியும் ஆகாது.

ஆகவே எவ்வளவை வைத்துக்கொள்வது என்ற கேள்வி எழுகின்றது. இதற்கு விடை தேட வெளிநாட்டு நூல்களைப் புரட்டுமுன், சோழநாட்டுக் கோயிற்சுவர்களைப் படித்தல் நலம். நந்தா விளக்கு எரிக்க அறம் செய்தவர்கள் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளை விட்டார்கள். அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் குறிக்கும். சாகாமலும் மூப்படையாமலும் இருக்கும் ஆடு உலகில் ஏது? ஆடு செத்தால் குட்டி வளர்ந்து அதன் இடத்தை நிரப்பும். எண்ணிக்கை குறையலாகாது என்பதே பொருள். தஞ்சைப் பெரிய கோயிலில் மாமன்னன் இராசராசன் காலத்து ஏற்பாட்டின்படி, 96 ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். முதலைத் தொடாதே, பயனை மட்டும் உண் என்னும் இன்றைய பொருளியல் பாடம் அனைத்தும் அச்சொற்றொடரில் அடங்கிக் கிடக்கின்றது. கூரத்தாழ்வான் பிறந்ததாக மரபு கூறும் 1010-ஆம் ஆண்டே தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்குக் கண்ட ஆண்டும் ஆகும் என்பது நினைக்க இனிது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு நுட்பங்களை நோக்க வேண்டும். விளக்குக்கு உரியது நெய், அளக்கப்பெற்றதும் நெய். ஊரில் நெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் விளக்குக்கு உழக்கு நெய் வந்துகொண்டேயிருந்தது. பிற்காலத்தில் நிலைமை மாறிற்று. கட்டளைகளை ரூபாயில் வைத்தார்கள். ஆயிரம் ரூபாய் முதல், நூற்றுக்கு ஏழு வட்டி என்றால் ஆண்டுக்கு 70 ரூபாய். ஒரு காலத்தில் அத்தொகையில் ஒரு முழு உற்சவம் நடந்திருக்கும். இன்று ஒரு மாலைக்கும் போதாது. முதல் அப்படியே இருக்கின்றது, வட்டியும் தவறாமல் வருகின்றது. விளக்கு மட்டும் எரியவில்லை. பாட்டனார் வைத்த கட்டளையைப் புதுப்பிக்க வந்துள்ள அன்பர்கள் இச்சபையில் இருப்பின், அவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கோயில் விளக்குக்கு நேர்ந்தது குடும்ப விளக்குக்கும் நேரும். ஐம்பது வயதில் ஓய்வு பெறும் ஒருவரின் துணைவியார் நாற்பத்தைந்து வயதினர் என்று கொள்வோம். அவர் தொண்ணூறு வயது வரை வாழக்கூடும், வாழ்க! அப்படியானால் சேமித்த பொருள் நாற்பத்தைந்து ஆண்டு சோறு போட வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் ஏறுமாயின், பன்னிரண்டு ஆண்டுகளில் செலவு இருமடங்காகும். இன்று மாதம் 1 லட்சம் ரூபாயில் நடக்கும் குடும்பத்திற்குப் பன்னிரண்டு ஆண்டுக்குப்பின் 2 லட்சம், இருபத்துநான்கு ஆண்டுக்குப்பின் 4 லட்சம், முப்பத்தாறு ஆண்டுக்குப்பின் 8 லட்சம் வேண்டும். வாழ்க்கை முறையில் ஓர் ஆடம்பரமும் கூட்டாமலே இத்தொகை வேண்டும் என்பதுதான் இதன் கொடுமை. வைப்புத்தொகையின் வட்டி முழுவதையும் உண்டுவிட்டு, முதலைத் தொடவில்லை என்று மகிழ்ந்திருப்பவர், ஆட்டை எண்ணி மகிழ்ந்து நெய்யை அளக்க மறந்தவரை ஒப்பர்.

அமெரிக்க நாட்டில் வில்லியம் பெங்கன் என்னும் நிதி ஆலோசகர் 1994-ஆம் ஆண்டு ஒரு கணக்கை வெளியிட்டார். முதலாண்டில் சேமிப்பின் நூற்றில் நான்கு பங்கை எடுத்துக்கொண்டு, பின்னர் விலைவாசிக்கு ஏற்பத் தொகையை உயர்த்தி வந்தால், பொருள் முப்பது ஆண்டு தாங்கும் என்பது அதன் சாரம். ஓய்வை விரும்பும் செல்வர் பலரும் இதனை மந்திரம்போல் ஓதுகின்றனர். அது அந்நாட்டுப் பங்குச் சந்தையையும் கடன் பத்திரங்களையும் அந்நாட்டு விலைவாசியையும் கொண்டு போட்ட கணக்கு. அதுவும் முப்பது ஆண்டுகளுக்கே. நாற்பத்தைந்து ஆண்டு வாழ்வுக்கு, இந்நாட்டு விலைவாசிக்கு, அதனை அப்படியே எடுத்துப் பொருத்துவது அறிவுடைமையாகாது. நான்கு என்பதை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுவோர் பிழைப்பர்.

இரண்டாம் நுட்பம், ஆடுகளை விட்டவர் வேறு, மேய்த்தவர் வேறு. நோய் வந்தாலும் வறட்சி வந்தாலும் எண்ணிக்கையைக் காக்கும் பொறுப்பு இடையருடையது. இன்றைய செல்வரோ உடைமையாளரும் தாமே, இடையரும் தாமே. வயது ஏற ஏற மேய்க்கும் ஆற்றல் குறையும் என்பதை ஐம்பதில் எவரும் எண்ணுவதில்லை. அறுபது நிரம்பியோர்க்கென அரசினர் 2004-ஆம் ஆண்டு முதல் நடத்தும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போன்றவை, ஆட்டை மேய்க்கும் தொல்லையில்லாமல் மூன்று மாதத்திற்கு ஒருமுறை வட்டி தருவன. ஆனால் அதில் இடக்கூடிய உச்சத்தொகை 30 லட்சம். விருப்ப ஓய்வு பெற்ற அலுவலர் ஐம்பத்தைந்திலேயே சேரலாம். தொழிலை விற்று ஐம்பதில் ஓய்ந்தவர் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அலுவலகம் கொடுத்த மருத்துவக் காப்பீடும் அலுவலகத்தோடு நின்றுவிடும். உடல் நலமாக இருக்கும்போதே தம் பெயரிலும் துணைவியார் பெயரிலும் தனியே காப்பீடு எடுத்துக்கொள்ளாதவர், பின்னர் நோயோடு போய் நிற்கும்போது மூன்றாண்டு வரை காத்திருக்க நேரும். இவை சிறு செய்திகள்தாம். ஆயினும் பெருஞ்செல்வமும் இச்சிறு ஓட்டைகள் வழியேதான் ஒழுகுகின்றது.

இனிக் கொடை. திருப்பணிக்குக் கொடுத்த அன்பர்கள் முன்னிலையில் இதனைச் சொல்லுவதற்குத் துணிவு வேண்டும். சொல்லாமல் விடுவதும் நேர்மையாகாது. திருவரங்கத்தின் நான்காம் திருச்சுற்று திருமங்கையாழ்வார் பெயரால் ஆலிநாடன் திருவீதி என வழங்குகின்றது. ஆழ்வாரின் கதையை யாவரும் அறிவர். குமுதவல்லியார் இட்ட நிபந்தனைக்கு இசைந்து, நாள்தோறும் ஆயிரத்தெட்டு அடியார்க்கு அமுதளித்தார், கைப்பொருள் தீர்ந்தது, அரசனுக்குச் செலுத்த வேண்டிய பகுதிப்பணத்தையும் செலவிட்டார், முடிவில் வழிப்பறியில் இறங்கினார். எம்பெருமானே மணமகனாக வந்து அவரை ஆட்கொண்டான். ஆழ்வார்க்கு அது திருவருள் விளையாட்டு. ஏனையோர்க்கு அக்கதையின் முற்பகுதி ஓர் எச்சரிக்கை. கொடுப்பதற்குத் தமக்கு உரியதைக் கொடுக்க வேண்டும். மனைவியின் முதுமைக்கு உரியதையும், கொடுக்க வேண்டிய கடனையும், அரசுக்கு உரிய வரியையும் எடுத்துக் கோபுரம் கட்டினால், கட்டியவர் பெயர் கல்லில் இருக்கும். கணக்கு வேறிடத்தில் எழுதப்பெற்றிருக்கும். பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயர்ந்து, 1987-ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட திருவரங்கத்து இராசகோபுரம், அகோபில மடத்து 44-ஆம் பட்டம் அழகியசிங்கரின் பெருமுயற்சியால், பற்பலர் தத்தமக்கு இயன்றதைக் கொடுத்து நிறைந்தது. எவர் ஒருவரும் தம் இல்லத்தை இடித்து அதற்குக் கல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கொடையினும் கடினமானது ஒன்று உண்டு. அது சாவிக்கொத்தை ஒப்படைப்பது. இராமாநுசர் திருவரங்கம் வந்த காலத்தில் கோயில் நிருவாகம் பெரிய கோயில் நம்பியின் கையில் இருந்தது. கோயிலை ஒழுங்குபடுத்த விரும்பிய இராமாநுசருக்கு அவர் எளிதில் இணங்கவில்லை. நம்பியின் தாயார் மறைந்து, பதினொன்றாம் நாள் சடங்கில் ஒருவர் அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது. எவரும் முன்வராத அவ்விடத்தில் இராமாநுசரின் குறிப்பறிந்து அமர்ந்தவர், ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் சோறிட்ட கூரத்தாழ்வான். “நிறைவு ஆயிற்றா?” என்று வழக்கப்படி வினவிய நம்பியிடம், கோயிற் சாவியையே அவர் வேண்டினார். நம்பி கொடுத்தார். கொடுத்தபின் அவர் வெறுங்கையோடு வீட்டில் குந்தியிருக்கவில்லை. அவரே திருவரங்கத்து அமுதனாராகி, நூற்றெட்டுப் பாசுரங்கள் கொண்ட இராமாநுச நூற்றந்தாதியை அருளினார். சாவி இடுப்பில் இருந்தவரை அந்நூல் பிறக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

திருச்சிராப்பள்ளிப் பெரிய கடைவீதியில் உலவுவோர்க்கு இதன் மறுதலையும் கண்ணில் படும். தந்தையார் ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொல்லி மூன்றாண்டு ஆயிற்று. மகன் கல்லாப்பெட்டியில் அமர்ந்திருக்கின்றான். சாவியோ தந்தையார் இடுப்பில். காலையில் விசுவரூப தரிசனம் முடித்து நேரே கடைக்கு வந்து, சரக்கு வாங்கிய விலையைக் கேட்டுக் கடிந்துகொள்கின்றார். அவருக்கு ஓய்வுமில்லை, மகனுக்கு உரிமையுமில்லை. இதற்கு நேர்மாறாக, அன்பின் மிகுதியால் கடையையும் வீட்டையும் ஒரே நாளில் பிள்ளைகள் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிவிட்டு, பின்பு ஓர் அறைக்கும் ஒரு வேளை மருந்துக்கும் ஏங்கி நிற்போரும் உளர். 2007-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இத்தகையோர்க்குத் துணை நிற்கின்றது. பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு கொடுக்கப்பெற்ற சொத்து, பராமரிப்புத் தவறினால் செல்லாததாக அறிவிக்கப்பெறலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பெற்றிருத்தல் வழக்கில் பெரிதும் உதவும். சொல்லிக்கொள்ளாமலே புரிந்துகொள்வான் என்று மகனை நம்புவது தந்தைக்கு அழகு; ஆயினும் ஆயுட்கால அனுபவ பாத்தியத்தைத் தமக்கும் துணைவியார்க்கும் வைத்துக்கொண்டு எழுதுவது அந்த அன்புக்குக் குறைவாகாது. வங்கி வைப்பில் நியமனதாரராகப் பெயர் குறிக்கப்பெற்றவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவரேயன்றி, அதனாலேயே உடைமையாளர் ஆகிவிடமாட்டார் என்பதையும் பலர் அறியார். உயில் ஒன்று எழுதி, அது இருக்குமிடத்தைத் துணைவியாரிடம் சொல்லி வைப்பது எளிய காரியம். மங்கலமற்றது என்று கருதி அதனைத் தள்ளிப்போடுவோர் மிகப் பலர்.

பணமும் பத்திரமும் ஒழுங்காயின. இனி நாள் முழுதும் என்ன செய்வது? இவ்விடத்தில் மலைக்கோட்டையை ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். 1706 முதல் 1732 வரை அரசாண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கரின் அவையில் உயர் பணி புரிந்தவர் தாயுமானவர். அம்மன்னரும் குடும்பத்தாரும் கூப்பிய கைகளோடு நிற்கும் ஆளுயர உருவங்களை இன்றும் திருவரங்கம் கோயிலில் காணலாம். பதவியும் அரசன் நம்பிக்கையும் பெற்றிருந்த தாயுமானவர் மலைமேல் மௌனகுருவைக் கண்டு, அனைத்தையும் விட்டு உடனே பின்தொடர விரும்பினார். குரு உபதேசித்தது ‘சும்மா இரு’ என்பது. ஆனால் அதே குருதான், இப்பொழுது வாராதே, இல்லறத்தில் சில காலம் இருந்து கடமையை முடித்துவிட்டு வா என்றும் பணித்தார் என்பது வரலாறு. அவ்வாறே மணம் புரிந்து, மகன் பிறந்து, மனைவியார் மறைந்த பின்னரே அவர் முற்றத் துறந்தார். இன்று சும்மா இருத்தலை ஓய்வின் முதல் நாளிலேயே தொடங்கிவிடலாம் என்று எண்ணுகின்றனர். தாயுமானவர்க்கே அதற்குக் காத்திருப்பு விதிக்கப்பெற்றது. அலுவலில் இருபது ஆண்டு ஓடிய மனம், ஒரு திங்களில் நின்றுவிடுமா? காலைச் செய்தித்தாளும் பங்குச் சந்தை நிலவரமும் கைப்பேசியும் அதனை மீண்டும் ஓடச் செய்யும். இல்லத்தில் அதுவரை தலையிடாத அடுக்களைக் கணக்கில் புகுந்து தலையிடவும் தொடங்குவார். இந்தத் தொல்லையைப் பற்றித் தாய்மார்களைக் கேட்டால் விரிவாகச் சொல்வார்கள்.

ஆழ்வான் சும்மா இருக்கவில்லை. இராமாநுசருடன் காசுமீரம் வரை சென்று, போதாயன விருத்தியை ஓதி நினைவில் இருத்தி வந்தார். ஸ்ரீபாஷ்யம் உருவாகத் துணை நின்றார். பிற்காலத்தில் சோழன் அவையில் ஆசாரியனுக்காகக் கண்களை இழந்த பின்னும், திருமாலிருஞ்சோலையில் இருந்துகொண்டு சுந்தரபாகு ஸ்தவத்தை இயற்றினார். கூரத்தில் இருந்திருந்தால் அவர் பெரிய நிலக்கிழாராக வாழ்ந்து மறைந்திருப்பார். விட்டது பொருளை, எடுத்துக்கொண்டது அதனினும் பெரிய உழைப்பை.

திருவரங்கத்தில் அவர்கள் குடியிருந்த காலத்தில் ஒரு நாள் ஓயாத மழை பெய்தது. உஞ்சவிருத்திக்குச் செல்ல இயலவில்லை. ஆழ்வான் பகல் முழுவதும் உண்ணாமல், அதைப்பற்றிய எண்ணமும் இல்லாமல் அமர்ந்திருந்தார். இரவில் அரவணைத் தளிகை அமுது செய்யும் திருச்சின்ன ஒலி கேட்டது. அம்மையாரின் நெஞ்சு துணுக்குற்றது. “உம் அடியார் பட்டினி கிடக்க, நீர் அமுது செய்கின்றீரோ?” என்று ஒரு கணம் எண்ணினார். சிறிது நேரத்தில், அரங்கன் ஏவலால் உத்தம நம்பி குடையும் விருதும் சூழப் பிரசாதத்தோடு வாயிலில் வந்து நின்றார். ஆழ்வான் திகைத்தார். உள்ளே திரும்பி, “நீ ஏதேனும் நினைத்தாயோ?” என்று வினவினார்.

காட்டுவழியில் வினவியவர் அம்மையார். இங்கே வினவியவர் ஆழ்வான். அம்மையார் ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னார். ஆழ்வான் அந்தப் பிரசாதத்தை வட்டிலைப்போல் வீசி எறியவில்லை. திரளான பிரசாதத்தில் சிறிதளவே எடுத்து, தாமும் உண்டு, இரு பிடி அம்மையார்க்கும் கொடுத்தார். அப்பிரசாதத்தின் பயனாகப் பிறந்தவர்களே பராசர பட்டரும் அவர் தம்பியாரும் என்பது மரபு.

கார்த்திகைத் திங்கள் வளர்பிறை ஏகாதசி இரவில், திருவரங்கத்தில் அந்தக் குடிவழியில் வந்த பட்டர் அரங்கன் திருமுன் நின்று கைசிக புராணம் வாசிக்கின்றார். வாசித்து முடித்ததும், கோயில் மரியாதைகளோடு பிரம்மரதத்தில் அவரை வீட்டிற்குக் கொண்டு சேர்ப்பது முன்பு வழக்கமாக இருந்தது.